காயாத படியும் கைகூடிய சம்பந்தமும்

எங்கள் வீட்டு உரிமையாளரின் வாசலில் மூன்று கருங்கல் படிகள் உண்டு. அவர் மகளைப் பெண் பார்க்க இன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து வருகிறார்கள் என்பதால், நேற்று படிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்க முடிவெடுத்தார்.

பெயிண்டர் வந்து பார்த்தார். "அண்ணே, பாசியத் தேச்சுக் கழுவி, நல்லாக் காயவிட்டு, ப்ரைமர் அடிச்சு, அப்புறந்தான் பெயிண்ட். மூணு நாளாகும்."

"கல்லுக்கு எதுக்குப்பா இம்புட்டு அலங்காரம்? நானே அடிச்சுக்கிறேன், நீ போ."

ஈரப் பாசியின் மேலேயே அடித்து முடித்தார்.

வந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். செருப்பைத் தெருவிலேயே விட்டு, வெறுங்காலோடு படியேறினார்கள். மாடியில் குடியிருக்கும் என்னையும் உரிமையாளர் கூடத்தில் உட்கார வைத்திருந்தார். வெள்ளை டைல்ஸ் தரையில் வந்த ஆறு பேரின் பாதங்களும் சோபா வரை சிவப்பாகத் தெளிவாகப் பதிந்தன.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தார். "ஏனுங்க, காலெல்லாம் செவந்து கெடக்குதுங்க?"

"மகாலட்சுமியே நடந்து வந்த மாதிரி இருக்குங்க" என்றார் உரிமையாளர், முகம் மாறாமல்.

பெண் காபித் தட்டோடு, பெயிண்டைப் போக்கும் தின்னர் பாட்டிலும் பழந்துணியும் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை அந்தத் துணியை வாங்கி, தரையில் உட்கார்ந்து, தன் அம்மாவின் பாதங்களைத் துடைத்தார். அதைப் பார்த்த பெண் உள்ளே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டாள். அவர்களுக்கும் பெண்ணைப் பிடித்துவிட்டது.

"எல்லாம் நான் பெயிண்ட் அடிச்ச நேரம்" என்று மாலையிலிருந்து தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் உரிமையாளர்.

உங்கள் வீட்டில் வரன் தள்ளிப்போகிறதா? சொல்லுங்கள், அவரிடம் அரை டப்பா மிச்சம் இருக்கிறது.