மதர் என்று சொல்ல மறுத்த லியன்சூ

எங்கள் ஊர் ஷான்டோவின் மீன் சந்தை முனையில் கஞ்சிக்கடை வைத்திருக்கும் சுவாங் லியன்சூவுக்கு அறுபத்தொரு வயது. கடுகுக்கீரை ஊறுகாயை நறுக்கும் வேகத்துக்கு அப்போதெல்லாம் அவள் வாயும் ஓடும். "என்ன, இன்னைக்கு கஞ்சி தண்ணியா இருக்கு?" என்று யாராவது கேட்டால் போதும், "உன் மூஞ்சி தெளிவாத் தெரியட்டும்னுதான்" என்பாள். அப்படிப்பட்டவள் என் வகுப்பில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் இல்லை, குழந்தை குட்டி இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் சுவரோடு சண்டை போடுவேன் என்று பயந்து, தெருச் சங்கத்து மாடியில் சனிக்கிழமை காலை வகுப்பு ஆரம்பித்தேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெரியவர்கள் எட்டுப் பேர் வந்தார்கள்.

முதல் பாடம் உறவுமுறை. அதிலேயே கலவரம்.

"பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, அத்தை புருஷன், எல்லாரும் அங்கிளா?" என்று எழுந்துவிட்டார் ஷே தாத்தா. "அப்ப சாவு வீட்ல யார் முன்னாடி நிக்கிறது, யார் பின்னாடி நிக்கிறது?"

"அவங்க ஊர்ல எங்க வேணும்னாலும் நிக்கலாம்."

"அண்ணனுக்கும் தம்பிக்கும்கூட ஒரே பேரா? சுத்த மரியாதை கெட்ட பாஷை டீச்சர் இது!"

அவரை அடக்கி உட்கார வைத்துவிட்டு "மதர்" என்றேன். எல்லோரும் சொன்னார்கள். லியன்சூ அக்கா மட்டும் ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்கா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எனக்கு அது வேணாம் டீச்சர். சித்திக்கு இங்கிலீஷ்ல என்ன? அதைச் சொல்லிக் குடுங்க, போதும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. அவள் மகன் யாவ்தோங் பிறந்த மூன்றாம் மாதமே மூன்று முறை காய்ச்சலில் விழுந்தான். குருட்டு ஜோசியர் பிறந்த நேரத்தை விரலில் எண்ணிப் பார்த்து, இந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் ராசி ஆகாது, அம்மா அப்பா என்று கூப்பிட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து லியன்சூ அவனுக்குச் சித்தி, புருஷன் சித்தப்பா. அந்த மனுஷன் செத்தபோதுகூட, கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன், துக்கத்துக்கான சணல் துணி கட்டிக்கொண்டு "சித்தப்பா, சித்தப்பா" என்றுதான் கதறினான். அவளோ மகன் வாய் தவறிவிடக்கூடாதே என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் ஆன்ட்டி என்ற சொல்லை அவளுக்கு நன்றாகவே பழக்கிவிட்டேன். யாவ்தோங் ஆக்லாந்தில் கட்டட வேலை பார்த்தான். புத்தாண்டு கழிந்ததும் அவனைப் பார்க்கப் போவதாக இருந்தாள்.

அதற்கு முன்பே, குளிரான ஒரு காலையில், கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். யாவ்தோங் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று அவனோடு தங்கியிருப்பவன் போன் செய்திருக்கிறான். ஆஸ்பத்திரி எண்ணை வாங்கி இவளே பேசியும் விட்டாள்.

"யாருன்னு கேட்டாங்க. ஆன்ட்டின்னு தெளிவாச் சொன்னேன் டீச்சர். அப்புறம் என்னென்னமோ சொல்லிட்டு போனை வச்சுட்டாங்க. மதர், மதர்னு மட்டும் காதுல விழுந்துச்சு."

"அம்மாவைப் பேசச் சொல்லியிருப்பாங்க! பெத்தவங்களுக்குத்தான் நிலவரம் சொல்லுவாங்க. இப்பவாவது மதர்னு சொல்லுங்கக்கா. நம்ம சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது."

"அவன் விழுந்து கிடக்கிற ஊர்ல எல்லாத்துக்கும் இங்கிலீஷ் தெரியுமே டீச்சர்."

கெஞ்சினேன், திட்டினேன். அவள் அசையவில்லை. நல்லாயிருக்கிற நாளிலேயே சொல்லாததை, சாகக் கிடக்கிறபோதா சொல்வேன் என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனைப் பிடுங்கி நானே எண்ணைப் போட்டேன். அங்கே நர்ஸ் எடுத்ததும், "நான் யாவ்தோங்கின் அம்மா பேசுகிறேன்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினாள். தலைக்குள் ரத்தக்கசிவு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அறுவைசிகிச்சை. நினைவு வந்து வந்து போகிறது. "அவர் காதில் வைக்கிறேன், பேசுங்கள்" என்றாள். போனை அக்காவிடம் கொடுப்பதற்குள், உன் அம்மா பேசுகிறார் என்று நர்ஸ் அவனிடம் சொல்வது கேட்டது. அப்புறம் மூச்சு. அப்புறம் எங்கள் ஊர்ப் பேச்சில், சின்னப் பையன் குரலில்:

"அம்மா... அம்மா, பயமா இருக்கும்மா."

போனை அக்காவின் கையில் திணித்தேன்.

"யாவ்தோங், சித்திடா. கஞ்சி ஏதாவது குடுத்தாங்களா? சித்தி வந்துடறேன், என்ன? யாவ்தோங்?"

இணைப்பு அறுந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட என்னமோ சொன்னானே. என்ன சொன்னான்?"

"சித்தி எங்கன்னு கேட்டான்."

அவள் மார்பில் கை வைத்து மூச்சு விட்டாள். "நல்லவேளை. அந்தக் கலக்கத்துல அதைச் சொல்லித் தொலைச்சுடுவானோன்னு பயந்தே போயிட்டேன்."

யாவ்தோங் அறுவைசிகிச்சை மேசையிலேயே போய்விட்டான். கண் திறக்கவே இல்லையாம்.

இரண்டு வருடம் ஆகிறது. கடை நடக்கிறது. அவள் வாய்தான் குறைந்துவிட்டது. வியாபாரம் ஓய்ந்த மதியங்களில் என் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிவிட்டு எதிரே உட்காருவாள்.

"முப்பத்து மூணு வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாத்தினேன். ஒருதரம்கூட வாய் தவறல. எங்க டீச்சர் தப்பு விட்டேன்?"

அவன் உங்களைத்தான் அம்மா என்று கூப்பிட்டான் என்று சொன்னால், அந்தச் சொல்தான் பிள்ளையைக் கொன்றது என்பாள். சொல்லாவிட்டால், அவளுக்கு வந்ததை நான் விழுங்கிவிட்டு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறேன். ஜோசியத்தை நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் மதர் என்று வாய் கூசாமல் சொன்னவள் நான்தானே என்று நினைத்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலக்கா" என்கிறேன்.

"அப்ப யாரு பண்ணது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.