நெடுந்தீவிலிருந்து நான் கொண்டுவந்த இலை

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். பப்பாசியைத் தாக்கும் ஒரு வைரசு தீவுக்குத் தீவு எப்படி வேறுபடுகிறது என்பதே என் இறுதியாண்டு ஆய்வு. மரபணுவைப் படிக்க எங்களிடம் வசதி இல்லை. நோயுற்ற இலையின் சாற்றை இளங்கன்றுகளில் தேய்த்துவிட்டுக் காத்திருப்போம். எங்கள் ஊரான வேலணையில் இலை கொஞ்சம் மஞ்சளாகும், அவ்வளவுதான், மரம் காய்க்கும். நெடுந்தீவு இலையின் சாறு பட்ட கன்றுகளிலோ இலைகள் நூலாகச் சுருங்கின.

பஸ் ஒழுங்காக ஓடாத காலம். அதனால் கன்றுகளை வீட்டு வளவிலேயே வலையால் மூடி வைத்திருந்தேன். பூச்சிகள் நோயைப் பரப்பும், வலையைத் திறந்து வைக்கக்கூடாது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். ஒருநாள் தண்ணீர் ஊற்றிவிட்டு, வலையை இறக்க மறந்து யாழ்ப்பாணம் போய்விட்டேன். திரும்ப இரண்டு நாளாயிற்று.

பக்கத்து வளவு அண்ணை தெற்கில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்த பிறகு ஊருக்கு வந்து பப்பாசி நட்டிருந்தார். ஒரு மாதத்தில் அவருடைய வேலியோர மரங்கள் மூன்றில் நூல் இலைகளைக் கண்டேன். ஊரில் வேறெங்கும் அப்படி இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

“தங்கச்சி, நீர் இதைத்தானே படிக்கிறீர்? என்ன வருத்தம் இது?”

“தண்ணி உவர், அண்ணை.”

“அப்ப நல்ல தண்ணி ஊத்தினா மரம் தப்புமோ?”

“ஓம்” என்றேன்.

அன்றிலிருந்து அவர் தூரத்து நன்னீர்க் கிணற்றிலிருந்து சைக்கிளில் தண்ணீர் சுமந்தார். நான் யன்னலைச் சாத்திக்கொண்டு படித்தேன். அந்த மூன்று மரங்களையும் உடனே பிடுங்கச் சொல்லியிருந்தால் மற்றவை தப்பியிருக்கும். சொன்னால் ஏன் என்று கேட்பாரே!

கடைசியில் தோட்டம் முழுவதையும் பிடுங்கினார். உதவிக்குப் போனேன்.

“விடும் தங்கச்சி, கையெல்லாம் பால் படும். நீர் சொன்னபடி எல்லாம் செய்து பாத்தனான். ஏலாமப் போச்சு.”

அறிக்கையில், நெடுந்தீவு வகை வேலணைத் தோட்டமொன்றிலும் வேகமாகப் பரவியது என்று எழுதினேன். அங்கே அது எப்படி வந்தது என்று எழுதவில்லை. பேராசிரியர் அந்த வரியின் கீழ்க் கோடிட்டு, ‘நல்ல அவதானம்’ என்று குறித்திருந்தார். அந்தப் பக்கத்தை அம்மாவிடம்கூட நான் காட்டவில்லை.