கார்மோசினாவின் தலைமுடி

நேப்பிள்ஸ் அரண்மனையில் கார்மோசினாவுக்கு வேலை ஒன்றுதான்: இளவரசியின் கூந்தலைப் பொன்னிறமாக்குவது. ஒன்பது வருஷமாக அதே வேலை. பூசுகிற சாம்பல் காரம் கூடினால் முடி போச்சு, குறைந்தால் செம்பட்டையோடு நின்றுவிடும். எது நடந்தாலும் அடி இவளுக்குத்தான். பாவம், பயந்தே பிழைத்த பிறவி.

அந்தக் கோடையில் வடக்கேயிருந்து பெண் பார்க்கத் தூதர்கள் நாலு நாளில் வருவதாகச் செய்தி. அந்த ஊர் இளவரசனுக்குப் பொன்முடிப் பெண்தான் வேண்டுமாம். அவனுக்கென்ன, உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டுவிட்டான்; மொட்டைமாடி வெயிலில் வேகிறவர்கள் இவர்களல்லவா? உச்சி திறந்த வைக்கோல் தொப்பியை இளவரசிக்கு மாட்டி, கூந்தலை அதன் வழியே வெளியே இழுத்து விளிம்பு முழுக்கப் பரப்பி, சாம்பல் காரமும் எலுமிச்சையும் கலந்த நீரைப் பூசினாள் கார்மோசினா. மாதா கோயில் மணி அடித்ததும் அலச வேண்டும்.

மணி அடிப்பதற்குள் இளவரசி தூங்கிப்போனாள்.

வந்தது வினை. அரச குடும்பத்தார் தூங்கினால் எழுப்புகிற உரிமை தாதித் தலைவி தியனோரா அம்மாளுக்கு மட்டும்தான். போன வருஷம் ராணியைத் தோள் தொட்டு எழுப்பிய ஒருத்தியைச் சவுக்கால் அடித்தே விரட்டினார்கள். தியனோரா அம்மாளோ பூசைக்குப் போயிருந்தார்.

மணி அடித்தது. கார்மோசினா இருமிப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே போட்டுப் பார்த்தாள். இளவரசி குறட்டை விட்டாள். கையைத் தோள் வரை கொண்டுபோவாள்; சவுக்கு நினைவு வரும்; இழுத்துக்கொள்வாள். சத்தமில்லாமல் அலசலாமென்றால், தண்ணீர் பட்டு விழித்துவிட்டால் அதுவும் எழுப்பியதுதானே?

தியனோரா அம்மாள் வந்து எழுப்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அலச அலசக் கூந்தல் கொத்துக் கொத்தாய்க் கையோடு வந்தது. காதுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஏன்டி எழுப்பல?" என்றாள் இளவரசி.

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

கத்துவாள் என்று கார்மோசினா நினைத்தாள். கத்தவில்லை. இளவரசிக்கும் பயம். தூதர்கள் வேண்டாமென்று போய்விட்டால் கன்னியர் மடம்தான் என்று அரசர் முன்பே சொல்லியிருந்தார்.

"உன் முக்காட்டை எடு" என்றாள் இளவரசி.

எடுத்தாள். இடுப்பு வரை விழுந்தது கார்மோசினாவின் செம்பட்டைக் கூந்தல்.

அதை வெட்டி, வெளுத்து, முத்துக் கோத்துப் பின்னி, இளவரசியின் தலையைச் சுற்றிக் கட்டினார்கள். தூதர்கள் சொக்கிப்போனார்கள். ஊர்ச் சீமாட்டிகளுக்கெல்லாம் அடுத்த மாதமே அந்தச் சுற்றுப் பின்னல்தான் மோஸ்தர். கார்மோசினாவை யாரும் அடிக்கவில்லை. கல்யாணக் கப்பலில் அவளையும் ஏற்றினார்கள். அவளுடைய மீன்பிடிக்கிற புருஷன் துறைமுகத்தில் நின்று பார்த்தான். அவனைக் கேட்பார் யார்?

வெந்த மண்டையில் இளவரசிக்கு முடி சரியாக வளரவேயில்லை. ஆகவே நாலு வருஷத்துக்கு ஒருமுறை கார்மோசினாவுக்குக் கத்தரி வரும். நடுவில் முக்காட்டை எடுத்துக் காட்டச் சொல்லி ஆள் வரும்.

நாற்பது வயதில் கடுங்காய்ச்சலில் கிடந்து எழுந்த கார்மோசினா, ஒரு காலையில் தலை வாரினாள். சீப்போடு ஒரு கொத்து வந்தது. மறுபடி வாரினாள், மறுபடியும் வந்தது. சுருட்டி அடுப்பில் போட்டாள். கருகிய நாற்றம் வெளியே போய்விடுமோ என்று ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தி, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே இளவரசியின் குரல் கேட்டது.

"கார்மோசினா, எவ்வளவு வளந்திருக்கு? வந்து காட்டு."