கேரட்டைத் தொடாத காட்டுமாடுகள்

இரண்டு நாள் மலைநடைக்கு அனுமதி வாங்கி, நானும் என் கணவரும் பூண்டி மலைக்கிராமத்துக்குப் போயிருந்தோம். காட்டுத்தீயால் பாதையை மூடிவிட்டதாகச் சொல்லி வனக்காவலர் திருப்பி அனுப்பினார். ஆறு மாதத் திட்டமாயிற்றே! கேரட் தோட்டத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் யாருக்கும் தெரியாமல் ஏறப் பார்த்தோம்.

அதே பாதையில் காட்டுமாடுகள் இறங்கி வந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு வரப்போரம் ஒதுங்கினோம். பாறை பாறையாக, சாம்பல் படிந்த முதுகுகள். நடுவில் வால் கருகிய ஒரு கன்று. எங்களை அவை திரும்பியும் பார்க்கவில்லை.

தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எழுந்து நின்றுவிட்டார். “தெனம் வெரட்டுனாலும் போகாதுங்க. இன்னைக்குக் கேரட்டுல வாய் வைக்காமப் போகுதுன்னா, மேல என்னமா எரியுதோ! வெரசா எறங்குங்க.”

அந்த இரண்டு நாளும் ஊரைச் சுற்றியே நடந்தோம்.

இப்போதெல்லாம் மாற்று வழி ஒன்றையும் எழுதிக்கொண்டுதான் கிளம்புகிறோம். பாதை மூடியிருந்தால் வாதாடுவதில்லை. அந்தக் கன்றின் வால் கண்முன் வந்துவிடுகிறது.