ஆறு மணிக் காபி

என் கைப்பேசியில் காலை ஐந்தரைக்கு ஓர் அலாரம் அடிக்கும், ஆறரைக்கு இன்னொன்று. முதலாவது தைராய்டு மாத்திரைக்கு, இரண்டாவது காபிக்கு. நடுவில் ஒரு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. நாவலூரில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் நாலு பெண்கள் சேர்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் என்பாள் ஒருத்தி. ஊறவைத்த பாதாம் என்பாள் இன்னொருத்தி. காபிக்கு முன்னால் இரண்டு இட்லியாவது உள்ளே போகணும், இல்லாவிட்டால் ஹார்மோன் கெட்டுவிடும் என்று மூன்றாமவள் மிரட்டுவாள். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். வாதம் பண்ண உடம்பில் தெம்பு வேண்டுமே. அதோடு, இந்த ஒரு மணி நேர விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதையும் இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மேடவாக்கத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அம்மா தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே புடவை பிரித்துப் போட வேண்டும். கடையில் நாற்காலி உண்டு, வாடிக்கையாளர்களுக்கு. அந்த வருஷம் அம்மாவின் முகம் வீங்க ஆரம்பித்தது. தலைமுடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வந்தது. பஸ்ஸில் நின்றபடியே தூங்கிவிடுகிறேன் என்றாள். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

விடிகாலை தண்ணீர் லாரி வரும்போது கீழ்வீட்டு அக்காதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள். "இன்னாமே, மூஞ்சி இப்டி ஊதிக்கீது? வெந்தயத்த ஊறப்போட்டு டெய்லி குடிச்சிகினு வா, எல்லாம் சரியாப்பூடும்" என்றாள். அம்மா ஒரு மாதம் வெந்தயம் குடித்தாள். எதுவும் சரியாகவில்லை. கடைசியில் ஒரு லேடி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு என்று சொல்லி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். எழுந்ததும் தண்ணீரோடு போட வேண்டும், முழுசாக ஒரு மணி நேரம் காபி கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றார்.

காபி கூடாது என்றதும் அம்மாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறு மணிக்குக் காபி என்று வீட்டில் சட்டம் போடப்பட்டது. சட்டத்தைக் காக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நானும் ஐந்து மணிக்கே எழுப்பப்படுவேன். ஃப்ரிட்ஜ் மேலிருந்த டைம்பீஸைப் பார்த்து, ஆறானதும் பாலைச் சுடவைத்து, அம்மா இறக்கி வைத்திருக்கும் டிகாஷனில் காபி கலந்து கொடுக்க வேண்டும். ஆறரைக்கு அப்பாவுக்குப் படுக்கையிலேயே காபி போகும். அவருக்குச் சட்டம் எதுவும் கிடையாது.

இதில் எனக்கு ஒரு சங்கடம். காபி குடிக்காத அம்மா வேறு மனுஷி. முதல் வாரம் காபிக்கு முன்னாலேயே எனக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். சீப்பு மண்டையில் இறங்கியது. "ஆட்டாதடி தலைய!" என்று ஒரு குட்டு வேறு. காபி குடித்துவிட்டால் அதே கை பஞ்சு மாதிரி இருக்கும். அம்மா பாவம் என்று நினைத்துத்தான் அந்தத் தில்லுமுல்லைச் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கதைதான். என் மண்டையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் செய்தேன்.

டைம்பீஸின் முதுகில் ஒரு திருகு இருந்தது. அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடத்தோடு லாரிக்கு இறங்கியதும், ஸ்டூலில் ஏறி முள்ளை இருபத்தைந்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். கடைசிக் குடத்தை இறக்கிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, "மணி ஆறும்மா" என்று காபியை நீட்டினேன். உண்மையில் அப்போது மணி ஐந்து முப்பத்தைந்து.

அம்மா டைம்பீஸைப் பார்த்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, சமையலறைத் தரையில் கேஸ் சிலிண்டரில் சாய்ந்து, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆற்றி ஆற்றி, ஒரு டம்ளர் காபியை அவ்வளவு நேரம் குடிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எதிர்வீட்டு ஐ.டி. அக்காவை அழைத்துப் போகும் கேப் தினமும் சரியாக ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டாள். அவள் குளிக்கப் போனதும் நான் முள்ளைப் பழையபடி திருப்பி வைத்தேன்.

மூன்று மாதமும் இப்படியே ஓடியது. தினமும் காபி, தினமும் அந்தச் சிலிண்டர், தினமும் ஹாரனுக்கு எழுந்திருப்பது. என் தலையும் நன்றாகப் பின்னப்பட்டது. என்னைப்போல் சாமர்த்தியசாலி மேடவாக்கத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அம்மாவின் முகவீக்கம் வடியவில்லை. ஒருநாள் மாடிப்படியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டு அக்கா வந்து கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அந்தக் குடத்தை மீதிப் படிகளுக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டருக்குக் கோபம் வந்தது. நோய் கொஞ்சம்கூடக் குறையவில்லையாம். "மாத்திர போட்டு எவ்ளோ நேரம் கழிச்சும்மா காபி குடிக்கறீங்க?" என்றார். அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த நான் அவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். இப்போது அம்மா ஒரு மணி நேரம் என்பாள், கடிகாரத்தைச் சோதிப்பார்கள், என் வண்டவாளம் வெளியே வரும் என்று நினைத்தேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நாந்தான் பொறுக்க முடியாம சீக்கிரமே குடிச்சிடறேன் டாக்டர்" என்றாள்.

அப்பா அங்கேயே கத்தினார். ஒரு மணி நேரம் நாக்கைக் கட்ட முடியாதா, இதுக்குப் போய் லீவு போட்டு வந்தேனே என்றார். டாக்டர் மாத்திரையின் அளவை ஏற்றாமல், இனியாவது ஒழுங்காக இருங்கள் என்று அனுப்பிவைத்தார். திரும்பும்போது அம்மா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அம்மா டாக்டரிடமே பொய் சொல்லிவிட்டாளே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

மறுநாள் நான் திருகைத் தொடவில்லை. அம்மா கடைசிக் குடத்தை இறக்கிவிட்டு டைம்பீஸைப் பார்த்தாள். ஐந்து முப்பத்தைந்து. பிறகு என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். சிலிண்டர் பக்கம் போகாமல் தேங்காயை எடுத்துத் துருவ ஆரம்பித்தாள். வெறும் கையோடு உட்காரத் தெரியாதவள் அவள். கேப் ஹாரன் அடித்தது. நான் எழுந்து காபி கலந்து கொடுத்தேன். அதற்குள் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் கிளறிக்கொண்டே, நின்றபடி, நாலே மடக்கில் குடித்து முடித்தாள்.

தலை பின்னும்போது அவள் கை பஞ்சாகத்தான் இருந்தது.

"இன்னைக்கு மணி ரொம்ப மெதுவா போச்சுல்ல?" என்றாள்.

"இல்லம்மா, கரெக்டாத்தான் போகுது" என்றேன்.

"சரி" என்று ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

அந்த மாத்திரை பிறகு வேலை செய்தது. முகம் வடிந்தது, முடி கொட்டுவது குறைந்தது. ஆனால் அம்மா அந்தச் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்ததை நான் மறுபடி பார்க்கவில்லை. டைம்பீஸ் ஆறு இருபத்தைந்து காட்டும்போது என் காதில் விழுந்த ஆறு மணி ஹாரன் அந்த மூன்று மாதமும் அவள் காதிலும் விழுந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளை மாட்டிக்கொள்ளவில்லை என்ற சந்தோஷத்தில், இரட்டைப் பின்னல் குதிக்க, ஸ்கூல் வேனுக்கு ஓடினேன்.