சாக்பீஸ் டப்பாவில் ஒரு தேர்தல்

இதை என் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அப்போது தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். தேர்தல் பாடம் வந்தபோது, வகுப்பு லீடரை ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கலாம் என்றேன். சாக்பீஸ் டப்பாதான் ஓட்டுப் பெட்டி. ஒவ்வொருவர் விரலிலும் ஸ்கெட்ச் பேனாவால் மை வைத்தேன்.

ஸ்டாஃப் ரூமில் தனியாக எண்ணினேன். தினமும் தாமதமாக வரும் கடைசி பெஞ்சு தேவி ஜெயித்திருந்தாள். ஹெச்.எம். என்ன சொல்வாரோ என்று பயந்து, முதல் ரேங்க் ஹரிணியின் பெயரை அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், தேவியும்தான். சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த பருவத்தில் மறுபடி டப்பாவை வைத்தேன். யாரும் எழுதவில்லை.

"ஏன் எழுதாம சும்மா உட்கார்ந்திருக்கீங்க?"

தேவி எழுந்தாள். "யார் பேர எழுதணும்னு நீங்களே சொல்லிடுங்க மிஸ்."

"அது உங்க இஷ்டம்."

"போன வாட்டி நீங்க பேர் சொன்னப்புறம், யார் யாருக்குப் போட்டாங்கன்னு லஞ்ச்ல கை தூக்கச் சொல்லிப் பாத்தோம் மிஸ். எனக்குத்தான் இருபத்தேழு பேர் போட்டுகிறாங்க."

அவள் குரலில் கோபமே இல்லை, கணக்கில் சந்தேகம் கேட்பவள் போலத்தான் கேட்டாள். மொத்த வகுப்பும் பென்சிலைப் பிடித்தபடி நான் சொல்லப்போகும் பெயருக்காகக் காத்திருந்தது.

நான் நடத்திய பாடம் அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.