மாலை போட்ட வருஷத்துக் கிறிஸ்துமஸ் டான்ஸ்

பெண் பார்க்கப் போன இடத்தில், நான் பாடுகிற ஹாங்கி டாங்க் என்றால் என்ன என்று வருங்கால மாமனார் கேட்டார். அமெரிக்காவில் மதுக்கடைகளில் பாடுகிற கன்ட்ரி பாட்டு. குடி, ஓடிப்போன மனைவி, ரயில், இவ்வளவுதான் விஷயம் என்று நான் சொல்லியிருப்பேன். அதற்குள் "பக்தி கலந்த நாட்டுப்புறப் பாட்டுங்க" என்று அப்பா முந்திக்கொண்டார். கல்யாணம் நடந்துவிட்டது.

செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு. பகலில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். சனிக்கிழமை சாயங்காலம் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போலாரம் போய்விடுவேன். அங்கே பழைய பங்களா ஒன்றில் கிளப். ஓய்வு பெற்ற ராணுவத்துக்காரர்களும் சில ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும்தான் என் ரசிகர்கள். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ரெக்கார்ட் பிளேயரில் கேட்டுப் பிடித்துப்போன பாட்டுகள் இவை. ஊரில் வேறு யாரும் இவற்றைக் கட்டிக்கொண்டு அழாததால் எனக்குப் போட்டி இல்லை. நான் குடிப்பதும் இல்லை. எலுமிச்சை சோடாவை உறிஞ்சிக்கொண்டே விஸ்கியால் வீணாய்ப் போனதாகப் பாடுவேன். அவர்கள் நம்பிக் கண் கலங்குவார்கள். பெரிய மேடை எதுவும் வரவில்லை. அதற்காக நான் ஏங்கியதும் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி. ஆபரேஷன் செய்து, சில மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். அப்போதுதான் வீடு நிம்மதியாக இருந்தது என்று மகள் இன்றும் சொல்கிறாள். நான் உள்ளுக்குள் பயந்து செத்தேன். பாட்டு போய்விட்டால் நான் வெறும் பென்ஷன்காரன். சொல்லாமலே இது மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. குரல் திரும்பினால் இந்த வருஷமே மாலை போட்டுச் சபரிமலைக்கு அனுப்புகிறேன் என்று என்னைக் கேட்காமலே வேண்டிக்கொண்டாள். ஐப்பசியில் குரல் திரும்பியது. கார்த்திகை பிறந்ததும் என் கழுத்தில் மாலை ஏறியது.

ஐயப்பனுக்கு எது சீசனோ அதுவே எனக்கும் சீசன் என்பதை அவள் யோசிக்கவில்லை. கறுப்பு வேட்டி, வெறுங்கால், விரதம். மதுவும் மாமிசமும் இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. கிளப்பிலோ கிறிஸ்துமஸ் டான்ஸ். நான் பாடாத மாதங்களில் அங்கே ஒரு டிஜே வர ஆரம்பித்திருந்தான். கிறிஸ்துமஸும் அவனுக்குப் போனால் சனிக்கிழமைகளும் அவனோடு போய்விடும்.

"அடுத்த வருஷம் பாடிக்கலாமே" என்றாள் மனைவி.

"அடுத்த வருஷம் எவன் கூப்பிடுவான்?" என்று சீறினேன். மாலை போட்டவன் கோபப்படக் கூடாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கிளப் செயலாளரே வீட்டுக்கு வந்தார். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பார்தானே சாமி பிரச்னை? பாரை பந்த் பண்ணிட்டா வருவீங்கல்ல?"

"கறி கட்லெட்?"

"அதுவும் நக்கோ, வேணாம். நீங்க பாடி முடிக்கிற வரைக்கும் வெஜிடபிள் கட்லெட், சோடா. அவ்ளோதான்."

"மெம்பருங்க ஒத்துக்குவாங்களா?"

"கேட்டுட்டுத்தான் வந்தேன். ஒரு மணி நேரம் தாங்குவோம்னாங்க."

குருசாமியிடம் போய் அனுமதி கேட்டேன். பாரை மூடிவிடுவார்கள் என்றதும் சம்மதித்தார். என்ன பாட்டு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புல்வெளியில் மேடை போட்டிருந்தார்கள். டிசம்பர் குளிர் வெறுங்காலில் ஏறியது. கிட்டார் பட்டை துளசி மாலையில் சிக்கிக்கொண்டே இருந்தது. முதல் பாட்டே விஸ்கிப் பாட்டு. உச்சத்துக்குப் போகும் இடத்தில் குரல் உடைந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். உடையவில்லை. கொஞ்சம் கரகரப்பு கூடியிருந்தது. இந்தப் பாட்டுகளுக்கு அது நல்லதுதான். சோடாவைக் கீழே வைத்துவிட்டு வயதான ஜோடிகள் ஆட எழுந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முன்வரிசையில் மகளோடு என் மனைவி. பார் இருக்கிற இடம் என்று இத்தனை வருஷமாக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவள், இன்றைக்குப் பார் இல்லை என்றதும் வந்திருந்தாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நான் சாதகம் செய்ததைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். சிரிக்காமல், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் முடிந்தது. செயலாளர் மேடைக்கு வந்து, "மலைக்குப் போய்ட்டு வாங்க சாமி. சனிக்கிழமை உங்களுதுதான்" என்றார். பார்க்காரர் ஷட்டரைத் தூக்க ஆரம்பித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. நான் கிட்டாரைக் கழற்றினேன்.

மனைவி எழுந்து பார் பக்கம் கையைக் காட்டினாள். "பய்யா, தோடா ருக்கோ" என்று பார்க்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். மாலை போட்டவனைக் கட்டியவளும் அப்படித்தானே கூப்பிட வேண்டும்.

"சாமி, இன்னொண்ணு பாடுங்க."

பாதி ஏறிய ஷட்டர் மறுபடி இறங்கியது.